அம்மாவின் காதுக்கு வந்த பெட்டி

பாபநாசம்,
அக்டோபர் 2012

எங்கள் செல்ல மகள் பிரின்ஸிக்கும் மாப்பிள்ளை கிளாட்சனுக்கும் அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். வாரா வாரம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்புறம் எதற்கு அப்பா காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். நின்றுகொண்டு படிக்காதே அம்மாடி, உட்கார்ந்து படி, மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். யார் உயிருக்கும் ஆபத்து இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அம்மா மூளைக்காய்ச்சலில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தாய். உயிர் திரும்பியது, காது திரும்பவில்லை. இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதில் மட்டும் கழுவின பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற பருக்கை மாதிரி ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷினை வாங்கிப் போட்டுப் பார்த்தோம், தலைவலிதான் மிச்சம் என்று அம்மா கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தக் கொஞ்ச மிச்சத்தை நம்பித்தான் நீ யார் யாரிடமோ விசாரித்து, காதை முழுவதும் மூடுகிற பெரிய ஹெட்போனையும் அதற்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் அனுப்பினாய். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கம்ப்யூட்டர் வழியாக வர வேண்டும், மற்ற நாளில் கோயில் பாட்டும் டி.வி. சத்தமும் ஜோசப்ராஜ் சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்டீரியோ ரிசீவர் வழியாக வர வேண்டும், பெட்டியின் முகத்தில் இருக்கிற சுவிட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினால் போதும் என்பது உன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அதை நான் எப்படி இணைத்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது, நீ பார்த்தது கடைசியில் எல்லாம் முடிந்த பிறகுதான். பெட்டியைப் பிரித்தால் அதன் பிளக்கில் பின் இரண்டும் கூரை மாதிரி சாய்ந்து நிற்கிறது, நம் ஊர் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. கும்பகோணம் போய் அதற்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்கி வந்தேன். கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் ஏதோ புதிய சாமான் வந்திருக்கிறது என்று காட்டியது, ஆனால் சத்தம் பழையபடி மேஜை ஸ்பீக்கரிலேயே வந்தது. சத்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நீ போனில் சொல்லச் சொல்ல, நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி அந்த இடத்தைக் கண்டுபிடித்து மாற்றினேன். அதற்கே பாதி நாள் போயிற்று. ரிசீவர் பக்கம் அதைவிட மோசம். பின்னால் வரிசையாக ஓட்டைகள், எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. சிவப்புப் பின்னையும் வெள்ளைப் பின்னையும் கண்ணில் பட்ட ஒரு ஜோடியில் செருகினேன், ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. பிறகு ஸ்பீக்கர் ஒயர் போகிற இடத்திலிருந்தே நேராக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒயரைச் சீவிக்கூட வைத்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுகிற மீரா உசேன் பாயை அழைத்து வந்தேன். அவர் பார்த்த உடனே, "அண்ணே, நல்லவேளை கூப்புட்டீங்க. ஸ்பீக்கர்லேருந்து மட்டும் இதுக்குக் கொடுத்துடாதீங்க, சின்னப் பெட்டி புகைஞ்சு போயிடும். நீங்க சொருகினது டேப்லேருந்து உள்ள வர்ற ஓட்டை. பக்கத்துலயே டேப்புக்கு வெளிய போற ஓட்டை இருக்கு பாருங்க, அதுல குத்துங்க. பெரிய பெட்டியில வால்யூமைத் திருகினா இதுல ஒன்னும் ஆகாது, கூட்டுறது குறைக்கிறதெல்லாம் உங்க சின்னப் பெட்டியிலதான்" என்றார். அப்படியே செய்தோம். பாட்டு வந்தது. கூடவே வண்டு ஒன்றைக் காதுக்குள் அடைத்தது போல ஓர் இரைச்சலும் வந்தது. கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறது, செருகினால் வருகிறது. பாய் தலையைச் சொறிந்தார். நான் சிரித்துவிட்டேன் பாப்பா. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டையர் ஆனவன் வீட்டிலேயே எர்த் சரியில்லை. கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் பைப் இறக்கி, கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ், ரிசீவர், உன் பெட்டி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தேன். குழியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது, இந்த வருஷம் மண்ணுக்கு அவ்வளவு தாகம். இரைச்சல் போயே போய்விட்டது. ஹெட்போனை நான் மாட்டிக் கேட்டேன். நீ அங்கே மூச்சு விடுவதும், உன் பின்னால் மாப்பிள்ளை கரண்டியைக் கீழே போட்டதும்கூடக் கேட்டது. இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், பெட்டியில் கோளாறு இல்லை, இணைப்பில் கோளாறு இல்லை, நீ வாங்கியதிலும் ஒரு தப்பு இல்லை. அதை நீ நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. அம்மா தலைமுடியை ஒதுக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். திரையில் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய், பிறகு, "அம்மா, கேக்குதாம்மா? நான் பேசுறது கேக்குதா?" என்றாய். அம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "கேக்குதுடி. நல்லா கேக்குது. எம் பொண்ணு பேசுறது கேக்குதுங்க" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். நீ அங்கே அழுதாய், நான் எர்த் குழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அதன் பிறகு வாரம் தவறாமல் நீ பேசினாய், அம்மா தலையாட்டினாள், சிரித்தாள், பதில் சொன்னாள். நீ சொல்வதைப் பழக்கதோஷத்தில் நானும் ஒருமுறை திருப்பிச் சொல்வேன், அவள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உனக்குப் பதில் சொல்வாள். காது கேட்கிறவளுக்கு நான் எதற்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

இங்கே ஊர் நிலவரம் நீ செய்தியில் பார்த்திருப்பாய். ஆற்றில் தண்ணீர் இல்லை, குறுவை இந்தப் பக்கம் யாருமே போடவில்லை, குடமுருட்டியில் மாடு மேய்கிறது. நம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற பஞ்சநதம் சம்பாவுக்கு நாற்று விட்டான். போர் தண்ணீரை நம்பி விட்டான், போருக்குக் கரண்ட் வேண்டுமே. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை, வந்தது என்று வயலுக்கு ஓடுவதற்குள் போய்விடுகிறது. என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நான்தான் இப்போதும் பியூஸைப் பிடுங்கி வைத்திருப்பது போலக் கேள்வி கேட்கிறார்கள். நாற்றங்கால் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. பஞ்சநதம் திருப்பூருக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் நாற்றுச் சங்கதி பேச வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீயும் அம்மாவும் கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் வாசல் கேட்டில் நின்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போய்விட்டது. அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். கம்ப்யூட்டரும் இன்டர்நெட் பெட்டியும் யூ.பி.எஸ்ஸில் ஓடுவதால் திரையில் நீ தெரிந்தாய், கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாய். ஃபேன் நின்றிருந்தது. உன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நான் யூ.பி.எஸ்ஸில் கொடுக்கவில்லை, அதன் நீல விளக்கு அணைந்து கிடந்தது. அணைந்தால் ஹெட்போனில் எறும்பு ஊர்கிற சத்தம்கூட வராது. அம்மா அதை மாட்டிக்கொண்டு, "ஆமாடி, அப்படியா, சரி சரி, வெந்நீர்ல குளி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ வயிற்றில் கையை வைத்துச் சிரித்தாய், அவளும் சிரித்தாள். விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒருவேளை விளக்குதான் பழுதோ என்றுகூட நினைத்தேன். நீ கையசைத்துவிட்டுப் போன பிறகு அம்மா ஹெட்போனைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து வைத்துவிட்டு, "இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருந்துச்சுங்க. புள்ள உதைக்குதாம்" என்றாள். நான் தலையாட்டினேன். ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், கிணற்றுக்குள் தலையை விட்டது போல இருந்தது.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று அந்த வாரமெல்லாம் வாயைத் திறப்பேன், எதற்குத் திறந்தேன் என்று அவள் என் உதட்டைப் பார்ப்பாள், காபி வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு அடுத்த முறைதான் நீ அந்தச் செய்தியைச் சொன்னாய். அம்மா பிரசவத்துக்கு வர வேண்டும், விசாவுக்கு நீயும் மாப்பிள்ளையுமே எழுதிப் போடுகிறீர்கள், தை மாதம் வந்து ஆறு மாதம் இருக்கட்டும், நீ வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளையை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும், இப்போதுதான் காது கேட்கிறதே அம்மாவுக்கு என்று சொன்னாய். நான் திருப்பிச் சொன்னேன், அம்மா என் உதட்டைப் பார்த்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அன்றைக்கே பரணிலிருந்து தையல் மிஷினை இறக்கச் சொன்னாள். பழைய நூல் புடவைகளை எல்லாம் வெட்டித் துவைத்து, பிள்ளைக்கு அடியில் போடத் துணி, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை என்று தைக்க உட்கார்ந்துவிட்டாள். வசம்பு வாங்கி வாருங்கள், அந்த ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்றாள். வாங்கி வந்து கொடுத்தேன். மனது ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே இருந்தது, இருந்தாலும் அந்த மிஷின் ஓடுகிற சத்தத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதை நிறுத்தியது பக்கத்து வீட்டு அம்சத்தின் பேரப்பிள்ளை. அம்சத்தின் மகள் பிரசவத்துக்கு வந்து இங்கேதான் இருக்கிறாள், பிள்ளைக்கு இப்போதுதான் குப்புற விழத் தெரிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தாயும் மகளும் ரேஷன் கடைக்குக் கிளம்பினார்கள். பிள்ளை தூங்குகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று அம்மாவிடம் ஜாடையில் சொல்லி, நம் வீட்டு ஹாலில் பாயை விரித்துப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாளாம். நான் கடைத்தெருவிலிருந்து வருகிறேன், தெருமுனையிலேயே பிள்ளை அழுவது கேட்கிறது. யார் வீட்டுப் பிள்ளை இப்படி அழுகிறது, தூக்க ஆளில்லையா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நம் வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளை பாயைவிட்டு உருண்டு வெறும் தரையில் குப்புறக் கிடக்கிறது. முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது, தொண்டை கட்டி அழுகை கீச்சுக் கீச்சென்று வருகிறது. ஒரு கை தூரத்தில் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். உன் பிள்ளையின் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். நிழல் ஆடியதைப் பார்த்துத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையின் வாயைப் பார்த்தாள், தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். "தூங்கிக்கிட்டுதானே இருந்துச்சு. இப்பத்தான் திரும்பிப் பாத்தேன், தூங்கிக்கிட்டுதானே இருந்துச்சு" என்று சொன்னதையே சொன்னாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவர் காப்பாற்றினார். அம்சம் வந்து வாங்கிக்கொண்டு, "பரவாயில்லக்கா, புள்ளன்னா அழத்தான் செய்யும்" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள், நல்ல மனுஷி. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளையை நம் வீட்டில் விடவில்லை. விட முடியுமா, நீயே சொல்.

அன்று சாயங்காலம் அம்மா மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஏங்க, எனக்கு ஒன்னும் கேக்கல. மொத நாளே கேக்கல" என்றாள். எனக்குத் தெரியும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன், அடையவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அன்னைக்குக் கரண்ட் போனதே, நீங்க அந்த நீல வெளக்கையே பாத்துக்கிட்டு நின்னப்பதான் எனக்கே புரிஞ்சுது" என்றாள். பிறகு எதற்கு இப்படிச் செய்தாய் என்று எழுதினேன். "அவ முகத்தப் பாத்தீங்கல்ல. கேக்குதாம்மா கேக்குதாம்மான்னு வாய் அசையுது. அந்த மூஞ்சியப் பாத்து இல்லைன்னு எப்படிங்க சொல்றது. நாளைக்காவது கேக்கும், நாளைக்காவது கேக்கும்னு நானும் மாட்டிக்கிட்டுப் பாத்தேன். சத்தத்த நீங்க கூட்டினா காதுல ஒரு அதிர்வு வரும். அவ பேசுறா, அதுதான் அவ குரலுன்னு நெனச்சுக்குவேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அழும்போது சத்தம் எவ்வளவு போடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது பிரின்ஸி. தெருவே கேட்டிருக்கும்.

மறு வாரம் இருவரும் தஞ்சாவூர் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஓர் இடம் இருக்கிறதாம், அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகி மூடிக்கொண்டுவிட்டது, இரண்டு பக்கமும் அப்படித்தான் என்று படத்தைக் காட்டினார். ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைப்பார்களே, அதைப் பற்றியும் கேட்டேன். நீ கேட்கச் சொல்வாய் என்று தெரியும். அந்தக் கருவி நுழைய வழி இருக்க வேண்டும், இங்கே வழியே அடைத்துவிட்டது, ஆரம்பத்திலேயே செய்திருந்தாலும் நிச்சயம் சொல்ல முடியாது, இப்போது செய்யச் சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். சென்னையில் இன்னொரு பெரிய டாக்டருக்கும் அவரே படத்தை அனுப்பிக் கேட்டார், அவரும் அதையே சொல்லிவிட்டார். காதோடு சேர்ந்துதான் நடையின் நிதானமும் போயிருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் சாய்ந்து விடுகிறாள். அதுவும் இனி இப்படித்தானாம். வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அய்யம்பேட்டை தாண்டும் வரை என் கையை விடவில்லை.

அதனால் அம்மா வரமாட்டாள். விசா வேலையை நிறுத்திவிடு. அப்பா, நீங்களும் கூட வாங்க, இரண்டு பேருமாக வாங்க என்று நீ சொல்வாய். அதையும் நான் அவளிடம் எழுதிக் கேட்டேன். "என்னப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், நான் போயி அவளப் பாத்துக்கப் போறேனா? பச்ச ஒடம்புக்காரி எனக்கும் சேர்த்து சோறு பொங்கணுமா? புள்ள பக்கத்துல என்ன விட்டுட்டு அவ நிம்மதியா குளிக்கப் போவாளா?" என்று கேட்டாள். நாகர்கோவிலிலிருந்து சம்பந்தி அம்மாவைக் கூப்பிட்டுக்கொள். அவர்கள் அனுபவம் உள்ளவர்கள், உன்னை மகள் மாதிரி பார்த்துக்கொள்வார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். வருத்தம் இருக்கிறது. தைத்த துணிகளை எல்லாம் மடித்து, சம்பந்தி அம்மா வரும்போது கொண்டுவரும்படி கூரியரில் அனுப்பிவிட்டாள்.

நீ இன்னொரு பெட்டி வாங்கி அனுப்பாதே, இதைவிடச் சத்தமாக வேறு ஏதோ வந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதே. எங்களுக்குள் ஒரு நம்பிக்கையைக் கட்டி அதை மறுபடி அவிழ்க்கிற தெம்பு அம்மாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. ஜெபமாலை மாதம் என்பதால் தினமும் கோயிலுக்குப் போகிறோம். எல்லாரும் மந்திரம் சொல்லும்போது நான் மணியைத் தொட்டுக் காட்டுகிறேன், அவள் பிடித்துக்கொள்கிறாள். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன், ஒன்றும் இல்லை, சும்மா இருக்கிறேன் என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இது தெரிந்த பிறகு நீ ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் முன்னால் அழுதுகொண்டு உட்காராதே. இந்த வாரமே அழுது முடித்துவிடு. வாயை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாலும் சரி. அவள் படித்துக்கொள்வாள்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன், தனக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று சொல்லியிருந்தாள். மெல்ல, ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து அப்பாவுக்கு அழுகையைக் கேட்கக் கொடுக்க வேண்டுமாம். கனத்த குரலா, கீச்சுக் குரலா, நீ பிறந்தபோது அழுத மாதிரி இருக்கிறதா வேறு மாதிரி இருக்கிறதா என்று நான் கேட்டு அவளுக்கு எழுதிக் காட்ட வேண்டுமாம். நீ பிறந்தபோது எப்படி அழுதாய் என்று எனக்கு ஞாபகம் இல்லை பிரின்ஸி, அன்றைக்கு நான் வேலையில் கம்பத்தின் மேல் இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடாமல் விடாதே, படியில் இறங்கும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள். பிள்ளையைச் சுகமாகப் பெற்று எடுக்க வேளாங்கண்ணி மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருக்கிறதெல்லாம் உங்கள் மூவருக்கும் சேரட்டும். பிரசவ வலி எடுத்ததும் எந்த நேரமானாலும் போன் செய், நான் விழித்துத்தான் இருப்பேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா அந்தோணிமுத்து,
அம்மா மரியபுஷ்பம்